விழுமோ என்று கேட்ட அக்கா

எந்தத் தோட்டாவைக் கையில் கொடுத்தாலும் அந்த அக்கா கேட்பது ஒரே கேள்விதான். "துளைக்கும், சரி. மான் விழுமோ?"

ஆக்லாந்தின் ஒனிஹங்காவில் நாங்கள் போகிற வேட்டைச் சாமான் கடைக்காரன், குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டையோடு நிற்கிற தாடிக்கார வெள்ளைக்காரன், இந்த ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டான். அக்கா கதவைத் திறந்ததுமே, லைசென்ஸைக் கேட்பதற்கு முன்னால் "விலுமோ?" என்பான். அக்கா சிரிக்கமாட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற வேகக் கணக்கைப் படித்து, "உது நீட்டுக் குழலிலை சுட்டு எடுத்த கணக்கு. என்ரை குழல் கட்டை. இவ்வளவு வேகம் வராது" என்று என்னிடம் சொல்வார். பிறகு அவனிடம் இங்கிலீஷில் நாலைந்து கேள்வி. தோட்டாவின் முனையில் இருக்கிற சன்னம் எத்தனை கிரெயின் எடை, மூக்கு ஈயமா செம்பா, வேகம் குறைந்த பிறகும் மானுக்குள்ளே போய் மலருமா. பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். என் மானம் போகும்.

நான் மதுரைக்காரி. மருத்துவமனை லேபில் வேலை. லின்ஃபீல்டில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி அக்காவின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், சண்டையின் கடைசிக் காலத்தில் வன்னியிலிருந்து தப்பி, எங்கெங்கோ சுற்றி, ஒரே மகளோடு ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. தெருவே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். மனுரேவாவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வெட்டுகிற மேசையில் நிற்பார். அங்கே அவருக்கு மேலே இருந்த மாவோரி அம்மாள்தான் முதன்முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனது. ஒரு தரம் போனவர் பிறகு நிறுத்தவில்லை.

நான் எப்படி ஒட்டிக்கொண்டேன் என்று கேட்டால், எனக்கு வீட்டைவிட்டு வெளியே போகவேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சனி ஞாயிறு முழுக்க லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு கிடப்பார். பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும். நான் துப்பாக்கி லைசென்ஸுக்குப் போட்டபோது, அதிகாரி வந்து வீட்டுக்காரரைத் தனியாக உட்காரவைத்து, உங்கள் மனைவி கையில் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டிருக்கிறார். "துப்பாக்கி இல்லாமயே பயம்தான்" என்று இவர் சொல்லி வைத்தாராம். அப்படியும் லைசென்ஸ் வந்தது.

கோயிலில் அக்காவைப் பற்றிப் பேச்சு இருந்தது. பொம்பிளை துவக்கோடை திரியுது என்று ஒரு கூட்டம் முகத்தைச் சுளிக்கும். அதே கூட்டம் வெள்ளிக்கிழமை கழிந்ததும் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து அக்காவின் கராஜ் வாசலில் நிற்கும், மான் இறைச்சிக்கு. அக்கா யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. சின்னப்பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு முதுகோரத்து மெல்லிய இறைச்சியாகப் பார்த்துக் கொடுப்பார்.

அவருடைய பழக்கங்களில் என்னை அதிகம் கடுப்பேற்றியது ஒற்றை வெடி. புதுத் தோட்டா வாங்கினால் அது நம் துப்பாக்கிக்கு ஒத்துவருகிறதா என்று சுட்டுப் பார்க்கவேண்டும். ஒரே கம்பெனித் தோட்டாவை ஒரு துப்பாக்கி ஓரிடத்தில் சேர்த்துப் போடும், இன்னொன்று சாணி தெளித்த மாதிரி இறைக்கும். எல்லாரும் செய்வது, சுடுகளத்தில் நூறு மீட்டரில் காகிதம் மாட்டி, மூன்று மூன்றாகச் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்ப்பது. அக்காவும் அதைச் செய்வார். ஆனால் அதை நம்பமாட்டார். அதன்பிறகு வாரா வாரம் போய், குளிர்ந்த குழலில் ஒரேயொரு வெடி. அவ்வளவுதான். காகிதத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார். அடுத்த வாரம் அதே காகிதத்தை மாட்டி இன்னொரு வெடி. இதற்காக மோட்டார்வேயில் நாற்பது நிமிடம் நான் கார் ஓட்டவேண்டும்.

"என்னக்கா, வந்ததுக்கு ஒரு அஞ்சாறாவது சுடக்கூடாதா? டீ ஆறுறதுக்குள்ள கிளம்பச் சொல்றீங்க" என்பேன்.

"முதல் வெடிதான் வெடி. குழல் சூடான பிறகு நல்லாச் சுட ஆருக்கும் வரும். மான் ரெண்டாவதுக்கு நிண்டு தருமோ?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளாகவே கேட்கிறவர்களோடு சண்டைபோட முடியாது.

ஆனாலும் ஒரு தரம் போட்டேன். எனக்குக் குறி நன்றாக வரும். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. போட்டிக்காரர்கள் காகிதத்தைச் சுடுவதற்கென்றே செய்கிற தோட்டா ஒரு பெட்டி வாங்கிவந்து சுட்டேன். மூன்று துளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே துளையாகத் தெரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் மானுக்கும் இதுதான் என்றேன். அக்கா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு. கடதாசியைக் கொல்ல நல்ல சாமான்."

"இதைவிடக் குறி தப்பாத தோட்டா எங்கக்கா இருக்கு?"

"குறி தப்பாது. உள்ளை போய் என்ன செய்யும்? சிலவேளை உடையும், சிலவேளை ஊசி போன மாதிரி மற்றப் பக்கத்தாலை போயிடும். மான் ஓடிப்போய் எங்கையோ கிடந்து, ரெண்டு நாள் கழிச்சுச் சாகும். நீங்கள் சுட்டதும் பட்டது எண்டு சந்தோசமாய் வீட்டை போவியள்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அக்கா இறங்கும்போது அந்தப் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மறுநாள் அதற்குப் பதிலாக, ஈய மூக்கு வைத்த பழைய தினுசுத் தோட்டா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது இவ்வளவு நெருக்கமாகப் போடாது. ஆனால் மானின் நெஞ்சு ஒரு சோற்றுத்தட்டளவு இருக்கிறது. அதற்குள் விழுந்தால் போதும், உள்ளே போய்ப் பூவாக விரியும், மான் அங்கேயே மடங்கும். அந்த வருடம் நான் சுட்ட மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அக்கா அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சுட்ட பிறகு அக்கா செய்கிற ஒரு காரியம் மட்டும் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயமாக இருந்தது. வெடி அடங்கியதும் நாமெல்லாம் மான் விழுந்ததா என்று பார்ப்போம். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கையை உயர்த்தி, என்னை மூச்சுக்கூட விடாதே என்பதுபோல் நிறுத்தி, காதுகொடுத்துக் கேட்பார். ஒன்றும் கேட்கவில்லை என்று உறுதியான பிறகுதான் எழுந்து நடப்பார். அந்த நேரம் அவர் முகத்தை நான் பார்ப்பதில்லை.

என்ன கேட்கிறார் என்று கராஜில் வைத்துத்தான் தெரிந்தது. வேலையிடத்து ஆள் ஒருவர் சுட்ட பெண்மானை அக்கா வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். தோளைப் பிரித்தபோது கத்தி எதிலோ இடித்தது. பழைய சன்னம். எப்போதோ யாரோ சுட்டது. மலரவேயில்லை, புதிது மாதிரி இருந்தது. அதைச் சுற்றிச் சதை கெட்டியாக, வெள்ளையாக, பை மாதிரி வளர்ந்திருந்தது. அந்த மான் அதைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் மேய்ந்திருக்கிறது.

அக்கா கத்தியை வைத்துவிட்டார். கராஜில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவருக்கும் வயித்திலை சின்னத் துளைதான். வெளியிலை பெரிசா இரத்தமும் இல்லை."

அவர் என்றது கணவரை. அதற்குமுன் அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"பதுங்கு குழிக்குள்ளை கிடத்தி வைச்சிருந்தனாங்கள். கப்பல் வருது, காயக்காரரை ஏத்தப் போகுது எண்டு சொன்னவை. நான் 'கொஞ்சம் பொறுங்கோ, கப்பல் வரும்' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தனான். அவர் முனகிக்கொண்டே கிடந்தார். பிள்ளைக்கு மூண்டு வயசு, காதைப் பொத்திக்கொண்டு இருக்குது. ஒரு கட்டத்திலை, இது உடனை முடிஞ்சிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும் எண்டு நினைச்சிட்டன். நினைச்சுக் கொஞ்ச நேரத்திலை சத்தம் நிண்டுட்டுது."

நான் கையில் இருந்த பையைக் கட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"மனிசி நினைக்கிற நினைப்போ அது?" என்றார் அக்கா.

இல்லைக்கா, யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க என்று நான் என்னவெல்லாமோ சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்து, அந்தத் தோளை மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியை வெட்டத் தொடங்கினார். அன்றிலிருந்து கடையில் அவர் எத்தனை கேள்வி கேட்டாலும் என் மானம் போனதில்லை. பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விட்டால் திரும்பி முறைப்பேன்.

பிறகு ஒருநாள் தெருமுனை வீட்டுப் பிள்ளை, அக்கா கொடுத்த மான்கறியோடு சாப்பிட்ட சோற்றுக்கு நடுவில் எதையோ துப்பியது. சன்னத்திலிருந்து உதிர்ந்த ஈயத் துணுக்கு, கடுகளவு. அதன் அம்மா சண்டைக்கெல்லாம் வரவில்லை. "அக்கா, இது பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ?" என்றுதான் கேட்டாள். அக்கா பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். டப்பா டப்பாவாக வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கி, ஃபிரீஸரில் இருந்ததையும் சேர்த்துக் கொட்டிவிட்டார். இனி ஈயமே வேண்டாம், முழுச் செம்பில் செய்த சன்னம்தான் என்று முடிவு பண்ணினார். அது இறைச்சிக்குள் சிதறாது.

ஆனால் செம்புக்கு ஒரு குணம் உண்டு. ஈயத்தைப் போலச் சட்டென்று மலராது. மலர வேகம் வேண்டும். தூரம் போகப் போக வேகம் குறையும். அக்காவின் கட்டைக் குழலில் அது இன்னும் சீக்கிரம் குறையும். ஒரு குளிர்காலம் முழுக்க நாலு தினுசுச் செம்புத் தோட்டாவை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு வெடியாகச் சுட்டு, தண்ணீர் நிரப்பிய பால் கேன்களை வரிசையாக வைத்து அதற்குள் சுட்டு, மலர்ந்ததா என்று எடுத்துப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கூடவே ஒரு கட்டளையும் போட்டுக்கொண்டார்.

"இருநூறு மீட்டர். அதுக்கு அங்காலை கடவுளே வந்து நிண்டாலும் சுடமாட்டன்."

அந்தக் கட்டளையை அவர் ஒரே ஒரு தரம்தான் மீறினார்.

ஏப்ரல் மாதம். கலைமான்கள் ஜோடி தேடிக் கத்துகிற காலம். ஆக்லாந்திலிருந்து தெற்கே மூன்று மணி நேரம் கார், பிறகு ஐந்து மணி நேரம் முதுகில் மூட்டையோடு நடை. சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளத்தின் இந்தக் கரையில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரைச் சரிவில், புதரிலிருந்து ஒரு கலைமான் வெளியே வந்தது. நல்ல கொம்பு. நான் பைனாகுலரில் பார்த்தேன். முன்னங்கால் ஒன்று முழங்காலுக்கு மேலே உடைந்து தொங்கியது. யாரோ சுட்டுக் காயப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், பல நாளாகியிருக்கவேண்டும். மூன்று காலில் ஒரு அடி வைக்கும், நிற்கும், தலையைத் தொங்கப்போடும்.

தூரம் அளக்கிற கருவியில் பார்த்துச் சொன்னேன். "முந்நூத்திப் பத்துக்கா. வேணாம். கிட்டப் போவோம்."

"கிட்டப் போக ஒரு மணித்தியாலம் வேணும். அதுக்குள்ளை அது பத்தைக்குள்ளை போயிடும்."

"என்கிட்ட விடுங்க, நான் சுடறேன்" என்றேன். என்னிடமும் அதே செம்புத் தோட்டாதான் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா ஏற்கெனவே மூட்டையின்மேல் துப்பாக்கியை ஊன்றிப் படுத்துவிட்டார். மூச்சை வெளியே விட்டு, நிறுத்தி, சுட்டார். சன்னம் பட்டது, ஆனால் நெஞ்சுக்குக் கொஞ்சம் பின்னால். மான் முதுகை வளைத்தது. அப்படி வளைத்தால் வயிற்றில் பட்டது என்று அர்த்தம். நான் விழும் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூன்று காலில் தத்தித் தத்திப் புதருக்குள் போய்விட்டது.

அக்கா கண்ணை மூடி, கையை உயர்த்திக் கேட்டார். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் காதுக்கு ஒன்றும் வரவில்லை. அக்காவுக்கு வந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் கையை இறக்கவேயில்லை. நான்தான் பிடித்து இறக்கினேன்.

"மலரேல்லை" என்றார். "துளைச்சுக்கொண்டு போட்டுது."

இருட்டுகிறவரை தேடினோம். மறுநாள் விடிந்ததும் மழை. மழையில் இரத்தத் தடம் எங்கே இருக்கும்? நான் திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மண்டியிட்டு, ஒவ்வொரு பெரணி இலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டு ஊர்ந்து போவதைப் பார்த்ததும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் போனால் இந்த மனுஷி இனி எங்கே போனாலும் அந்தச் சத்தத்தோடுதான் போவார் என்று எனக்குப் பட்டது. நானும் மண்டியிட்டேன். முழங்கால் எரிந்தது. மதுரை மீனாட்சியில் தொடங்கி எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், இந்த ஒரு மானைக் காட்டிவிடு என்று.

மத்தியானம் போல ஒரு ஓடைக்கரையில், பெரணிக் கூட்டத்துக்கு நடுவில் படுத்திருந்தது. உயிரோடு. தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஓட முயலவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பத்தடி தூரம். இந்தத் தூரத்தில் எந்தத் தோட்டாவும் போதும். செம்பா ஈயமா, எத்தனை கிரெயின் என்று எதுவும் யோசிக்க வேண்டாம்.

அக்கா துப்பாக்கியைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். மழை தொப்பியிலிருந்து சொட்டியது.

"சுடுங்கக்கா" என்றேன்.

அக்கா துப்பாக்கியை இறக்கினார். தோட்டாவை வெளியே எடுத்தார், துப்பாக்கியைத் தரையில் வைத்தார், அதன் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தார். மானைப் பார்த்து, மிகத் தணிந்த குரலில், பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி, "கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

"அக்கா" என்றேன். அவர் திரும்பவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ. இந்தா, இப்ப வந்திடும்." மான் காதை அவர் பக்கம் திருப்பியது. அது முனகியது, அவர் சொன்னார். மறுபடி முனகியது, மறுபடி சொன்னார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. இத்தனை வருடம் விழுமோ விழுமோ என்று கேட்டுக் கடைக்காரனைக் குடைந்தெடுத்த மனுஷியா இது என்று ஆத்திரமும் வந்தது.

நான் பக்கவாட்டில் சுற்றிப் போய், அக்கா குறுக்கே வராத இடமாகப் பார்த்து நின்று, கழுத்துக்கு மேலே குறிவைத்துச் சுட்டேன். தலை தரையில் சாய்ந்தது. சத்தம் நின்றது.

அக்கா கண்ணை மூடவில்லை, கையை உயர்த்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"ஏன் சுட்டனீங்கள்? இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே. ஆரும் வந்திருப்பினம்."

காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் காரே ஐந்து மணி நேர நடையில் இருந்தது. எதற்கும் வெடுக்கென்று பதில் சொல்கிறவள் நான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஆமாக்கா" என்றேன். "வந்திருப்பாங்க."